ஒன்பது அங்குலம்

மண்டலே, எண்பத்தாறாம் தெரு.
கீழே பருப்பு மண்டி, மேலே மூன்று மாடிக் குடித்தனம்.
மேலெல்லாம் சுவர்;
கீழே, லாரி வந்து நிற்க வசதியாய்,
வெறும் ஷட்டரும் ஆறு தூணும்.
கனத்த உடம்பு, குச்சிக் கால்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம்
கட்டடம் தெற்கே ஒரு சாய்வு சாய்ந்து
ஏதோ யோசித்து
நின்றுவிட்டது.
எதிர் வரிசை யோசிக்கவில்லை.

வைரக்கண்ணு முதலாளி,
பதிவேட்டில் ஊ டின் மவுங்,
என் கையிலிருந்து டேப்பை வாங்கி அவரே அளந்தார்.
"தூண் ஒன்பது அங்குலம் தடிக்கும் என்கிறாய்.
ஆறு தூண். நாலரை அடி.
நாலரை அடியில் வருஷத்துக்கு எத்தனை மூட்டை உளுந்து
ஏறி இறங்கும் தெரியுமா, தாயி?"

தெரியாது.
எனக்குத் தெரிந்தது பூச்சு உரிந்த மூன்றாம் தூண்.
நெடுங்கம்பி நன்றாகத்தான் இருந்தது.
சுற்றிக் கட்டிய வளையம்தான் சாணுக்கு ஒன்று.
முனையை உள்ளே மடக்காமல்
ஓரத்தில் சும்மா ஒட்டவைத்திருந்தார்கள்;
குலுங்கியதும் பிடி விட்ட விரலாய் விரிந்து கிடந்தது.
நடுவில், கல்லோடு கல்லாக,
யாரோ மென்று முடித்த
கூன்யா பொட்டலத்தின் பிளாஸ்டிக்.

விளக்கினேன். அதிர்வெண், வெட்டுவிசை,
பக்கவாட்டு இடப்பெயர்ச்சி.
நான் பேசப் பேச அவர் முகம்
வங்கி மேனேஜர் எதிரே உட்கார்ந்தவர் முகமானது.

மூலையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மா சான் யீ
கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு
எழுந்து வந்தாள்.
இருபது வருஷத்து மண்டித் தமிழ் அவளுடையது.
தூணுக்குள் எட்டிப் பார்த்தாள்.
வளையத்துக்கு வளையம் சாண் போட்டாள்.

"மொதலாளி, இதுவும் மூட்டைதானே?
உள்ளே கல்லு மணலு. கம்பி தையல்.
இத்தனை எட்டித் தையல் போட்டா
மேல நாலு மூட்டை ஏத்தினதும் வயிறு வெடிக்கும்.
தைச்சவன் யாரு? நம்ம மண்டியில
அரைநாள் வெச்சிருக்க மாட்டீங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தராசுத் தட்டில் ஒட்டிக் கிடந்த நாலு உளுந்தைப்
பொறுக்கி மூட்டையில் போட்டார்.
பிறகு கேட்டார், "கட்டினால் விழாதா?"

விழாது என்று எந்த எஞ்சினியரும் சொல்லக் கூடாது.
விரிசல் விடும். ஆடும்.
ஜன்னல் சிக்கும், கண்ணாடி போகும்.
ஆனால் பொத்தென்று உட்காராது.
மூன்றாம் மாடிப் பிள்ளைத்தாய்ச்சி
கைப்பிடியைப் பிடித்து இறங்கும் மட்டும் நிற்கும்.
"அதுக்கப்புறம்?"
"அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்."

முட்டுக் கொடுத்து, பழைய தோலைக் கொத்தி,
புதுக் கம்பி சேர்த்துக் கட்டினோம்.
வளையம் நாலு விரலுக்கு ஒன்று;
முனையெல்லாம் உள்ளே மடங்கி
சதைக்குள் கொக்கி போட்டாற்போல.
வளைக்கிற பையன் தெட் லின் அலுத்துக்கொண்டான்:
"எவன் பார்க்கப் போறான்க்கா, நாளைக்கு மூடிடுவோம்."
மா சான் யீ பார்த்தாள்.
தினம் சாயங்காலம், ஊசியை இடையில் நுழைத்து.
ஐந்தாம் தூணில் மூன்று வளையம் பிரிக்க வைத்தாள்.

முதலாளி நாலரை அடியை இன்னும் மறக்கவில்லை.
என் கூலியில் கழிக்கப் பார்க்கிறார்.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
யாங்கோனில், வேலைக்குச் சேர்ந்த புதிதில்,
நானும் சாணுக்கு ஒன்றுதான் வரைந்தேன்.
சீக்கிரம் முடியும் என்றார் மேஸ்திரி.
முடிந்தது. கையெழுத்துப் போட்டேன்.
ஏழு கட்டடம்.
முகவரிகளைத் தாளில் எழுதிப்
பர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன்.
முதல் கதவைத் தட்டி
எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.
அதன் கீழ்த்தளத்தில் இப்போது மருந்துக்கடை.
இரண்டு பக்கமும் ஷட்டர்,
காற்றோட்டமாக இருக்கும்.