பூஜ்யம் புள்ளி எட்டு

மும்முனை மின்சாரம் இரவு பதினொன்றுக்குத்தான்.
வயலில் மோட்டார்கள் ஒவ்வொன்றாய் இருமத் தொடங்கும்போது
எங்கள் உலையும் கண் விழிக்கும்.
மன்னார்குடியில் கோடைக் குறுவைக்கும் என் ஆய்வுக்கும்
ஒரே டிரான்ஸ்பார்மர்.

நைட்ரேட்டும் சிட்ரிக் அமிலமும் கொதித்துக் கூழாகி
கூழ் தானே தீப்பிடித்து
பீக்கர் நிறையக் கறுப்புப் பஞ்சு.
ஒவ்வொரு முறையும் நிக்கலில் கொஞ்சம் குறைத்து
அந்த அளவு துத்தநாகம் சேர்ப்பேன்.

துத்தநாகத்துக்கென்று காந்தம் கிடையாது.
அதன் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாய்
ஒன்றை ஒன்று அடித்துக் கழித்துவிடும்.
ஆனாலும் சேர்க்கச் சேர்க்க, முதலில், காந்தம் ஏறுகிறது.

படிகத்துக்குள் வடம் இழுக்கும் இரண்டு கட்சி.
நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த வீட்டில் ஒன்று,
ஆறு சூழ்ந்த வீட்டில் மற்றது.
இழுத்து மிஞ்சியதே காந்தம்.
துத்தநாகம் சின்ன வீட்டில் குடியேறி
அங்கிருந்த இரும்பைப் பெரிய வீட்டுக்குத் துரத்தும்.
அளவு மீறினால்
எதிரே இழுக்க ஆளில்லாமல்
வென்ற கட்சியே ஆளுக்கொரு பக்கம் சாயும்.
பாதி ஆண்கள் மலேசியா போன
கூத்தாநல்லூர்த் தெருக்காரி நான்.
எனக்கு இதற்குப் படம் தேவைப்படவில்லை.

அன்று வியர்வைக் கை பட்டு
இரண்டு வில்லைகளின் பென்சில் எண் அழிந்தது.
ஒன்று 0.4, இன்னொன்று 0.8.
நிறத்தில் வித்தியாசமில்லை.
சென்னையில் அளக்க முறை வர மூன்று வாரம்.

வைரக்கண்ணு பழைய ஸ்பீக்கரைக் கழற்றி
அதன் காந்தத்தைத் தந்தார்
(அதுவும் ஃபெரைட்தான், பேரியம் கலந்தது).
இரண்டுமே ஒட்டின.
ஒன்று மட்டும் கொஞ்சம் மனமில்லாமல்.
மனமில்லாமல் என்று ஆய்வேட்டில் எழுத முடியாது.

பிளாஸ்கில் தேநீர் வந்தது. கொதிக்கக் கொதிக்க
கண்ணாடி டம்ளரில் ஊற்றி
காந்தத்தைக் கவிழ்த்துப் பிடித்து, ஆவியில் காட்டினேன்.
அசையவில்லை.
பொறுமை போய் உள்ளேயே முக்கினேன்.
டொக்.
ஒன்று விழுந்தது.

"அதுதான் அதிகம் கலந்தது" என்றேன்.
"சூடு தாங்காது. தன் திசையை மறந்துவிடும்."
"சரிம்மா, டீ போச்சே" என்றார் வைரக்கண்ணு.

காந்தத்தைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துத் துழாவினேன்.
வரவில்லை. ஆற வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே பாமணி ஆறு
ஆறென்று பேர்தான், மணலாய்க் கிடந்தது.
மோட்டார்கள் பூமிக்கடியிலிருந்து
எதையோ இழுத்தபடி இருந்தன.

இரண்டு மணி சுமாருக்கு,
ஏடு படிந்த தேநீருக்குள்ளிருந்து
கண்ணாடியின் பக்கமாய் நகர்ந்து வந்து
டிக் என்றது.