கண்டும் காணாமல்

எஸ்கிஷெஹிர் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வாசலில்
தலைகளைப் பார்ப்பதுதான் என் வேலை.
சுற்றறிக்கை ஒரே பக்கம்:
முடி தெரிந்தால் உள்ளே,
துணி தெரிந்தால் வெளியே.

ருகிய்யேவுக்கு முடி தெரிந்தது.
பொம்மைக்குத் தைத்ததுபோல் மினுங்கும்
செம்பட்டை நைலான்.
அதனடியில் முக்காடு, அதற்கும் அடியில்
அவளுடைய சொந்த முடி.
நெற்றியோரம் நூலகலத்துக்கு நீலம் எட்டிப் பார்க்கும்.
நான் அடையாள அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
கட்டடப் பொறியியல், இரண்டாம் ஆண்டு.
கண்டும் காணாமல் இருப்பது
என் சம்பளத்தில் சேராது.

பிப்ரவரியில் ஒரு காலை
காற்று அந்த முடியைக் கொண்டுபோனது.
பேருந்து நிறுத்தம்வரை துரத்தினேன்.
சேற்றுப்பனியில் கிடந்ததை உதறி எடுத்துவந்தேன்.
வாசற்கோட்டுக்கு ஒரு சாண் வெளியே
நகராமல் நின்றாள், நீல முக்காட்டோடு.
நீட்டிவிட்டு, திரும்பி நின்றுகொண்டேன்.
பிறகு அவள் பார்க்க ஏட்டில் எழுதினேன்.

இதைச் சொல்லி நல்லவனாகிவிட முடியாது.
அதே மாதம் பதினொரு பேரைத் திருப்பி அனுப்பினேன்.
அவர்களிடம் நைலான் முடி இல்லை,
அல்லது அன்று மேலதிகாரி பக்கத்தில் இருந்தார்.
ஒருத்தி மருத்துவம், கடைசி ஆண்டு.
பெயரைப் படித்தேன்.
மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு தேர்தல்கள் வந்தன.
சுற்றறிக்கை போன இடம் தெரியவில்லை.
இப்போது அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும்.
இனி யார் தலையும் யார் பொறுப்பிலும் இல்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று வாசலெதிரே ஒரு வெள்ளைக் கார்.
சாய்ந்து நின்றவளுக்கு நாற்பதுக்கு மேல்;
அந்த நீலம் எனக்குத் தெரியும்.
உள்ளேயிருந்து மகள் வந்தாள்,
பிடரிவரை வெட்டிய முடி, நுனியில் பச்சை.

"அத்தை வீட்டு நோன்பு திறப்புக்கு
இப்படியேவா வருவாய், பெரில்?"
"இப்படியேதான்."
"இதைக் கட்டிக்கொண்டு நுழைய
நான் என்னவெல்லாம்..."
"உன்னைக் கழற்றச் சொன்னவர்கள் குரலிலேயே
என்னைக் கட்டச் சொல்கிறாய், அம்மா."

காற்று மகளின் முடியைக் கலைத்தது.
ஒதுக்கிவிட உயர்ந்த தாயின் கை
பாதியில் நின்று
தன் ஊசியைச் சரிசெய்துகொண்டது.

மகள் காருக்குள் ஏறிக் கதவை அறைந்தாள்.
ருகிய்யே என் கூண்டுக்கு வந்தாள்.
"அன்றைக்கு ஏட்டில் என்ன எழுதினீர்கள்?"
"எட்டு நாற்பது. விசேஷம் ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லையா?"

சிரித்தாளா, தெரியாது.
முன்பு அவள் அட்டையை நீட்டும் இடத்தையே
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காரிலிருந்து ஹாரன் அடித்தது,
ஒருமுறை, பிறகு நீளமாக இன்னொருமுறை.