கடல் எந்தப் பக்கம்

மூடிக்கிடந்த கப்பல் ஏஜென்ட் ஆபீசில்
பூட்டை அறுத்து எடுத்த தகர டப்பா.
உள்ளே பதினாறு எம்.எம்., பதினோரு நிமிடம்,
காடி நாற்றம்.
தேதி போட இரண்டு வாரம் கொடுத்தார்கள்,
நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் அறையும்.

பிலிம் ஓரத்தில் கம்பெனி அச்சடித்த சின்னங்கள்.
இருபது வருஷத்துக்கு ஒருமுறை
அதே சின்னம் திரும்ப வரும்.
ஆக, முப்பத்தெட்டு. இல்லை, ஐம்பத்தெட்டு.
நடுவில் ஒரு யுத்தம் நடந்தது
அந்தச் சின்னத்துக்குத் தெரியாது.

கீவளூர் தாண்டி ஜன்னல் வழியே எடுத்திருக்கிறார்கள்.
குறுவை நாற்று பறிக்கிறார்கள், வாய்க்கால் நிறையத் தண்ணீர்.
வயல் மாதத்தைச் சொல்லிவிட்டது, ஆனி.
வருஷம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை.
எஞ்சினைக் கேட்டுப் பயனில்லை,
முப்பத்தெட்டிலும் ஓடியது, ஐம்பத்தெட்டிலும் ஓடியது,
கரி இருந்தால் போதும் அதற்கு.
பிறகு துறைமுகம். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்,
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூஞ்சை.
தோணியில் ஆட்கள், தகரப் பெட்டிகள்.
ஒரே ஒருவர் எழுந்து நின்று
கையசைக்கிறார். நான்கு விநாடி.

துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற
ஹமீது சுல்தானைக் கூட்டி வந்து காட்டினேன்.
கப்பலைத்தான் பார்க்கச் சொன்னேன்.
அவர் அந்த ஆளைப் பார்த்தார்.
"இன்னொரு தடவை போடுங்க."
ஏழு தடவை போட்டேன்.
"வாப்பா மாதிரியே இருக்கு. அந்தத் தோள்...
ஆனா இல்ல. வாப்பாவுக்கு இடக்கை.
சோறு தவிர எல்லாம் இடக்கை."
முப்பத்தெட்டில் பினாங்கு போனவர்.
நாற்பத்திரண்டில் அங்கேயே மௌத்து என்று
யாரோ வந்து சொல்ல, அன்றிலிருந்து
வருஷா வருஷம் பாத்திஹா.
டீ குடித்தார். போய்விட்டார்.
போகும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.
ட்யூப் லைட் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை. வேலை ஓடவில்லை.
நாகூர் பாசஞ்சரில் சும்மா ஏறி உட்கார்ந்தேன்.
வலப்பக்க ஜன்னலில் பனைகளுக்கு நடுவே கடலின் கோடு.
எதிரே மினாராக்கள் வளர்ந்துகொண்டே வந்தன.
ரீலிலும் இதே மினாராக்கள் இப்படித்தான் வளரும்.
ஆனால் ரீலில்
கடல் இடப்பக்கம்.

வடக்கிலிருந்து வந்தால் அப்படித் தெரியும்.
நாகூருக்கு வடக்கே அன்று தண்டவாளமே கிடையாது.

இறங்கிய ரயிலிலேயே திரும்பினேன்.
பிலிமைப் புரட்டிப் போட்டேன்.
கடல் தன் இடத்துக்குப் போனது.
கறை என்று நான் விட்டுவைத்த வெள்ளைக் கோடுகள்
கூட்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் எழுத்தாகின.
எஸ். அடுத்தது ஆர்.
நடுவில் ஐ இல்லை.
அந்த ஐ போனது ஐம்பத்தொன்றில்.
இருபது வருஷத்துப் பழைய பிலிமை
எவனும் கேமராவில் போடமாட்டான்.
ஐம்பத்தெட்டு என்று பேனாவாலேயே எழுதலாம்.

தோணியில் அந்த மனிதர்
இடக்கையை அசைத்துக்கொண்டிருந்தார்.

அட்டையில் நிரப்பினேன்.
ஆண்டு: 1958. மாதம்: ஜூன் கடைசி.
கப்பல்: தெரியவில்லை.
'நபர்கள்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
இடக்கைக்காரர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள்.
தோணி கப்பலுக்குப் போகிறதா, கரைக்கு வருகிறதா,
அதைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.
துடுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் அரை மணி நேரம்.

"வருஷம் தெரிஞ்சா ஒரு போன் பண்ணுங்க"
என்று மட்டும் சொல்லியிருந்தார்.
வியாழக்கிழமை அவர் வீட்டில் பாத்திஹா.
நெய்ச்சோறு உண்டு,
என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.