எட்டு மணி நாக்கு

அக்டோபர் வந்தால் ஹோக்கெர்க்கில்
காற்றுக்கே சர்க்கரை வியாதி.
ஆலைப் புகைபோக்கி இரவும் பகலும்
வெந்த கிழங்கின் வாடையை ஊதுகிறது.
சன்னலைச் சாத்தினால் சாவித்துளை வழியே வருகிறது.
காயப்போட்ட துணியில், தலைமுடியில், நாயின் முதுகில்.
இந்த ஊரில் இருந்துகொண்டு
இனிப்பை விட்டவள் நான்.

முழங்கால்தான் காரணம்.
பாலத்தை இயக்கும் அறைக்குப் பதினேழு இரும்புப் படிகள்.
பதினொன்றில் நின்று
கால்வாயை ரசிப்பதுபோல் மூச்சு வாங்குவேன்.
ஒன்பது கிலோ குறையணும் என்றார் டாக்டர்,
தவணை தவறியவளிடம் வட்டிக்காரன் பேசும் குரலில்.

பகலில் நான் துறவி.
வெறும் காபி, கறுப்பு ரொட்டி, ஒரு துண்டு சீஸ்.
வாயைக் கட்டுவது இவ்வளவுதானா என்று
போகிற படகுக்கெல்லாம் கையசைப்பேன்.

இருட்டட்டும்.
கடைசிச் சரக்குப் படகு போய்,
தடுப்புக் கம்பிகள் மேலேறி,
சைக்கிள் மணிகள் ஓய்ந்து
சரியாக எட்டு மணிக்கு
நாக்கு எழுந்து உட்காரும்,
தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி.
என்ன இருக்கு? என்ன இருக்கு?

பசியில்லை. சத்தியமாகப் பசியில்லை.
வயிறு கணக்கு முடித்துக் கடையடைத்துவிட்டது.
இது வேறு ஏதோ.
நாள் முழுக்க யாருக்கோ வழிவிட்டவளுக்கு
நாள் முடிவில் ஏதாவது கொடுத்தாகவேண்டும் என்று
யார் சொல்லிவைத்தார்களோ.

எங்கள் பக்கத்து மரியாதை,
ஒரு காபிக்கு ஒரு பிஸ்கட்.
எடுத்ததும் டப்பா மூடி விழும், டக்.
விருந்தாளியானாலும் அதே டக்.
என் கணவன் வுப்போ அந்த ஒன்றைக்
கால்மணி நேரம் கொறிப்பான்.
அதற்குள் மூடி எனக்காக மூன்று முறை விழுந்திருக்கும்.
கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
கிழங்கு லாரி ஓட்டிக் கூலி வாங்குகிறவன் அவன்,
பெல்ட்டில் ஒரு துளைகூட மாறவில்லை.

முதல் வாரம், சர்க்கரையில்லாத அதிமதுர மிட்டாய்.
ஒரே இரவில் முழுப்பையும்.
மறுநாள் என் வயிறு பேசியது
எதிர்க்கரைத் தூண்டில்காரருக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் ஆப்பிளை அரிந்து, பட்டைத்தூள் தூவி,
ஹீட்டரின் மேல் வைத்துப் பார்த்தேன்.
வாசனை அறையை நிறைத்தது.
அது பாதி வேலை செய்தது.
மீதிப் பாதிக்காக இன்னொரு ஆப்பிள்.

கெட்டித் தயிரில் நாலு ராஸ்பெர்ரி.
நாலு என்று எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.

ஒரு வியாழக்கிழமை
எட்டு மணிக்கே பல் துலக்கிவிட்டேன்.
வாய் நிறைய நுரை, ரேடியோவில் யெல்லெ,
'ஹார்ம்கே, பாலம்!'
ம்ம்ம் என்றேன்.
'என்ன தின்கிறாய், எனக்குக் கிடையாதா?'
கடந்து போகும்போது வலைக்கம்பியை நீட்டினார்.
நுனியில், வருடா வருடம் கொடுக்கிற
பாதாம் வைத்த மசாலா ரொட்டி, காகிதத்தில் சுற்றி.
மறுக்கத் தெரியாத ஊர் இது.
வாங்கி இழுப்பறையில் வைத்தேன்.
அன்றிரவு பாலத்தையும் இழுப்பறையையும்
சேர்த்தே காவல் காத்தேன்.

நவம்பர் பத்தோ பதினொன்றோ, முதல் உறைபனி.
வுப்போ தோட்டத்தில் பிடுங்கிய கேரட் நாலு,
மண் கழுவியும் கழுவாமலும்,
என் டிபன் பெட்டியில்.
எட்டு மணிக்கு ஒன்றைக் கடித்தேன்.
நின்றுவிட்டேன்.
சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்தானா என்று
வுப்போவைச் சந்தேகித்தேன்.
பனி கடித்தால் இனிக்குமாம். சொன்னான்.
பனி மட்டும் காரணமா,
ஆறு வாரம் பட்டினி கிடந்த நாக்குமா,
எனக்குத் தெரியாது.
நாலையும் தின்றேன். மண்ணோடு.

எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைந்திருக்கிறது.
டாக்டர் சிரிக்கவில்லை.
நான் இப்போது பதின்மூன்றாம் படியில் நிற்கிறேன்.
அங்கிருந்து கால்வாய் நிஜமாகவே அழகு.

இன்றும் எட்டு அடித்தது.
கேரட் தீர்ந்துபோச்சு.
சன்னலைத் திறந்து
ஆலைக் காற்றை இரண்டு வாய் குடித்தேன்.
இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன்.
ரொட்டி இருக்கிறது, காகிதத்தில் எண்ணெய் பூத்து.
நாளைக்கு எப்படியோ.
மூடினேன்.
டக்.