ஏணியில் ஒரு படி

புறக்கோட்டையிலிருந்து பார்சல் வந்தது
இரவு பஸ்ஸில், ஒரு மூட்டை செருப்புக்கு அடியில்.
நசுங்கிய பெட்டிக்குள் நூற்றிருபது ஹீரோ பேனைகள்.
ஒன்று நானூற்றைம்பது ரூபாய்.
கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே
அந்தக் காசுக்கு ஒரு கொத்துரொட்டியும் வராது.

இதைப் போய் எவன் கள்ளமாய்ச் செய்வான்?
தங்கத்தைச் செய்யலாம். ஐயாயிரம் தாளைச் செய்யலாம்.
காணி உறுதியைச் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள்:
என் மாமியின் வயலுக்கு மூன்று உறுதி இருக்கிறது,
மூன்றிலும் வேறு வேறு மாமிகள்.
ஆனால் நானூற்றைம்பது ரூபாய்ச் சாமானுக்கு
அச்சு வெட்டி, குழாய் இழுத்து, மூடி மினுக்கி,
உத்தரவாதச் சீட்டையும் நாலாய் மடித்து வைத்து
இவ்வளவு பாடுபடுகிறவன்
நல்ல பேனையையே செய்துவிட்டுப் போகலாமே!

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை.
நீதிமன்றத்து ஜெயலவன் போன பார்சலில் ஒன்று வாங்கினார்.
மூன்று பக்கம் ஒழுங்காய் எழுதிவிட்டு
நாலாம் பக்கம், எதிரியின் பெயர் மேல்
அது ஏப்பம் விட்டதாம்.
நீதவான் தாளைத் தூக்கிப் பார்த்து
"இதில் யார் ஆள்?" என்று கேட்டாராம்.
காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
அன்றே ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கினேன்.

நல்லதன் மூடி கடைசி அரை அங்குலம் தயங்கித்தான் போகும்.
மற்றது பஸ் கதவு மாதிரி அறைந்து சாத்தும்.
நல்லதன் உள்குழாயில் மை ஏறுவது தெரியும்.
மற்றதில், பழுதான மீனின் கண்.
இதெல்லாம் சந்தேகம் மட்டும்.
சாட்சி, மூடியில் வெட்டிய இரண்டு சீன எழுத்து.

எனக்குச் சீனம் தெரியாது.
பதினொரு வருடமாய்ப் படமாய்த்தான் பார்க்கிறேன்.
முதலாவது, தலையில் புல்லுக்கட்டோடு
காலை அகட்டி நிற்கும் ஒருவன்.
இரண்டாவதன் வலப்பக்கம் ஒரு ஏணி. நாலு படி.
கள்ளனில் மூன்று.

நூற்றிருபதில் எழுபத்தொன்று அப்படி.

கடைப்பொடியன் நிப்றாஸ் அதில் ஒன்றை எடுத்து
தன் பெயரை எழுதிப் பார்த்தான்.
வெண்ணெய் மாதிரிப் போனது.
இன்றுவரை அவன் சட்டைப்பையில் அதுதான்,
ஒரு சொட்டு ஒழுகவில்லை.
இதை நான் எந்தத் தட்டில் போடுவது?

ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன்.
"கள்ளமா? என்ட கடையிலயா? எப்படிப் பிள்ள தெரியும்?"
கேட்டவுடன் எனக்கு வாய் நிற்கவில்லை.
புல்லுக்கட்டு, கால், ஏணி,
படிக்கணக்கு வரைக்கும் ஒப்புவித்தேன்.
அவர் "ம், ம்" என்று
எழுதிக்கொள்கிறவர் மாதிரிக் கேட்டார்.

மூன்று கிழமையில் மாற்றுப் பார்சல்.
இந்த முறை செருப்பு மூட்டைக்கு மேலே, மரியாதையாய்.
கரண்ட் போயிருந்தது.
போன் வெளிச்சத்தில் முதல் மூடியைப் பிடித்தேன்.
ஏணி முழுசாய் இருந்தது.
எண்ணினேன். ஐந்து படி.
மறுகா எண்ணினேன்.
ஐந்து.

சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.
கல்முனையில் ஒருத்தி ஒரு படி குறைகிறது என்று சொன்னதை
ஒருவன் கேட்டு, இருந்து, ஊசியெடுத்து
ஒன்றுக்கு இரண்டாய் வெட்டியிருக்கிறான்.
சீனத்தில் இருப்பவனுக்கு
இந்த எழுத்தில் கணக்குத் தப்புமா?
இவனுக்கும் சீனம் தெரியாது.
இவனும் என்னைப் போல்
படம் பார்த்து எழுதுகிறவன்.
கடலுக்கு இந்தப் பக்கம் எங்கேயோ,
கரண்ட் போகும் ஒரு அறையில்,
என் பிழைதிருத்தத்தை நம்பி
குனிந்து உட்கார்ந்திருக்கிறான்.

எழுபத்தொன்றையும் திருப்பி அனுப்பினேன்,
காரணம் சொல்லாமல்.

இப்போது எனக்கு வேறொரு அடையாளம் தெரியும்.
பூதக்கண்ணாடி தேவையில்லை,
பேனையைத் திறக்கவும் தேவையில்லை.
அதை இங்கே எழுதமாட்டேன்.
ஹாஜியார் கவிதை வாசிக்கிறவர்.