ஏழாவது தகடு

கப்பல்துறையில் ஊதினால் சீனக்குடா வரைக்கும் கேட்கும்.
மூன்று மொழியில் கடிதம் அடித்தோம்.
பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருமுறை வாசித்தார்கள்,
அம்மன் கோவிலில் பூசை முடிந்து ஒருமுறை,
விகாரைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்:
புதன் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதுக்குப் பிறகு,
புதிய சீனி ஆலையின் நீராவிக் குழாய்கள்
ஊதித் துப்புரவாக்கப்படும்.
பெருஞ்சத்தம் எழும்.
பயப்பட ஒன்றுமில்லை.

கடைசி வரி நான் சேர்த்தது.

சந்திக் கடை அசனார் அதைப் படிக்கவில்லை.
"எத்தின மணிக்கு முடியும்?"
அது மட்டும் கேட்டார்.
பிறகு ஏணியைச் சாத்தி
மேல்தட்டுப் போத்தல்களை ஒவ்வொன்றாய் இறக்கி
அரிசி மூட்டைகளுக்கு நடுவே தரையில் வைத்தார்.
எதை எங்கே வைப்பது என்று
அவர் யோசிக்கவே இல்லை.

கட்டியவர்கள் போய்விட்டார்கள்.
ஓட்டப்போகிறவர்கள் இன்னும் வரவில்லை.
இடையில் கொஞ்ச நாள் ஆலை என்னுடையது,
அதன் எல்லாப் பிழைகளோடும்.
வரைபடத்தில் இடப்பக்கம் திறக்கும் வால்வு
இடத்தில் வலப்பக்கம் திறக்கிறது.
மீதி வேலைகளின் பட்டியலில் நூற்றுப் பதினொன்று.
அதில் இரண்டாம் பக்கத்தை
கோட்டை வீதித் தேத்தண்ணிக் கடையில்
ஒரு மான் தின்றுவிட்டது.
முப்பத்தொன்று முதல் ஐம்பத்தெட்டு வரை
நினைவிலிருந்து எழுதினேன்.

குழாய் வாயில், நீராவியின் பாதைக்குக் குறுக்கே,
கண்ணாடிபோல் மினுக்கிய ஓர் அலுமினியத் தகடு.
"அரின்ட, கயான்."
"ஹரி மிஸ்."
வானம் கிழிந்தது. குடாவில் இருந்த நாரைகள்
எல்லாம் ஒரே பக்கமாய் எழும்பின.
காதுமூடியையும் தாண்டிப் பல்லுக்குள் கேட்டது.

முதல் தகடு அம்மை போட்ட முகம்.
வெல்டிங் கசடும் துருவும் குத்திய குழிகளை
பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவதுதான் வேலை.
இந்தத் துகளில் ஒன்று போதும்,
டர்பைன் அலகை முறிக்க.
இரண்டாம் தகடு. மூன்றாம் தகடு.
வேறோர் ஊரில் ஒருமுறை
உள்ளேயிருந்து ஒரு கையுறை பறந்து வந்தது,
விரல்கள் விரிந்தபடி.

இரவு உவர்மலை விடுதியில் இருந்து மகளுக்கு எடுத்தேன்.
எங்கள் மானிகளில்
தாங்கி காலி என்றால் நான்கு மில்லியம்பியர் வரும்.
பூச்சியம் வந்தால் கம்பி அறுந்திருக்கிறது.
வெறுமையும் அறுபடுதலும் ஒன்றாகிவிடக் கூடாதென்று
யாரோ இரக்கமுள்ளவன் அப்படி அமைத்திருக்கிறான்.
"சாப்பிட்டியா?"
"ம்."
"பரீட்சை?"
"ம்."
நான்கு, என்று குறித்துக்கொண்டேன்.
நித்திரை வந்தது.

வெள்ளி பின்னேரம் ஏழாவது தகட்டில் குழி இல்லை.
அதில் ஒரு பெண் தெரிந்தாள்,
காதுமூடியைக் கழற்ற மறந்தவள்.
அவள் முகத்தின் மேலேயே
திகதி எழுதிக் கையொப்பம் வைத்தோம்,
நானும் கயானும் காப்புறுதிக்காரனும்.
இனி சீனி வரும். லொறிகள் வரும்.
சாரதிகள் இப்போதே இந்த இடத்தைச்
சீனிக்குடா என்கிறார்கள்.
எனக்கு ஞாயிறு இரவு அம்பாந்தோட்டை பஸ்.

சனி காலை சவர்க்காரம் வாங்கப் போனேன்.
போத்தல்கள் இன்னும் தரையில்.
"நாளைக்கும் இரிக்கா?"
"இல்லை. முடிஞ்சுது."
அவர் என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார்.
"அப்ப நீங்க ஏறுங்க மிஸ். எனக்கு முழங்கால் ஏலா."

ஏறினேன். அவர் எடுத்துத் தந்தார்.
தோடம்பழ இனிப்பு, கற்கண்டு, கறுவா.
தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலின் மூடி
சரியாகப் பூட்டப்படாமல் இருந்தது.
கால் சுற்று இறுக்கினேன்.
அதைப் பட்டியலில் எழுதவில்லை.