ஐந்தாவது கால்

உலான்பாத்தரில் மைனஸ் முப்பது.
கொதிகலன் அறையில் மட்டும்
சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு
உட்கார்ந்திருக்கிறாள் செரென்லாம்.
மணிக்கொரு தரம் அழுத்தம் குறிக்க ஒரு பதிவேடு.
மிச்ச நேரத்துக்கு இன்னொரு நோட்டு,
அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் அளவுமானிகளை வரைந்தாள்,
முள் பிசகாமல்.
பிறகு சூப்பர்வைசரின் பூட்ஸ்.
அது அப்படியே அவராக இருந்தது.
பக்கத்தை மடித்துவிட்டாள்.

நேற்றிரவு ஒரு குதிரை.
குதிரை தெரியாதவர் இந்த ஊரில் உண்டா?
ஆனாலும் ஐந்து கால் வந்துவிட்டது.
ரப்பரை எடுத்தாள்,
எதை அழிக்க?
நான்கும் நிற்கின்றன,
போட்டோவுக்கு நிற்பதுபோல.
ஐந்தாவதுதான்
எங்கோ கிளம்பியிருக்கிறது.

ரப்பர் உள்ளங்கையில் இளகிக் கிடந்தது.

பதிவேட்டில்
மூன்று மணிக் கட்டம் காலி.